விடுபட்ட பக்கங்கள்

விழுந்தவர் எழுந்த கதையைக் கேட்பதில் மனித மனத்திற்கு என்றும் ஒரு நாட்டம் உண்டு. விளையாட்டு வீரர் ஒருவர் காயமுற்றுக் களத்தைவிட்டு விலகுகிறார், சில காலம் கழித்துத் திரும்புகிறார், வாகை சூடுகிறார். நாளிதழ்களும் தொலைக்காட்சியும் தன்வரலாற்று நூல்களும் இக்கதையைச் சலிப்பின்றிச் சொல்லி வருகின்றன; நாமும் சலிப்பின்றிக் கேட்டு வருகின்றோம். ஆயினும் இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஒன்று புலப்படாமல் போகாது. எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விபத்து விரிவாக வரும். மருத்துவர் நம்பிக்கை இழந்து பேசும் காட்சி வரும். படுக்கையில் கிடப்பவர் மனத்துள் ஒரு சபதம் எடுப்பார். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் வெற்றிமேடை! சபதத்திற்கும் மேடைக்கும் இடையே கழிந்த மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள், எங்கே போயின? அந்த விடுபட்ட பக்கங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

இதனை ஆராய்வதற்கு வான்குதிப்பு என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வது பொருந்தும். ஆங்கிலத்தில் ‘ஸ்கை டைவிங்’ என வழங்கும் இது, விமானத்திலிருந்து பல்லாயிரம் அடி உயரத்தில் குதித்து, சற்று நேரம் தடையின்றி விழுந்து, பின்னர் வான்குடையை, அதாவது பாராசூட்டை, விரித்து நிலம் சேரும் கலை. பிற விளையாட்டுகளில் பயிற்சி இடைவெளி விட்டவர் மோசமாக ஆடித் தோற்கலாம். தோல்வியோடு வீடு திரும்பலாம். இங்கோ தோற்பவருக்கு மறு ஆட்டம் இல்லாமற்போகலாம். ஆகவே காயத்திற்குப் பின் திரும்புவோரின் இடைக்காலம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்த விளையாட்டைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை எனலாம்.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் வான்குதிப்புப் பயிற்சி நடைபெற்றதுண்டு. 2014 ஜனவரியில் அத்தகைய பயிற்சி ஒன்றின்போது, பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண் வான்குடை உரியவாறு விரியாமல் நிலத்தில் விழுந்து உயிரிழந்தார். சேர்வராயன் மலையடிவாரத்து வயல்களில் வேலை செய்வோர் அண்ணாந்து பார்க்கும் அதே வானத்தில்தான் அது நிகழ்ந்தது. வீரத்தின் கதைகளை நாம் எப்படிச் சொல்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பது வெறும் இலக்கியச் சுவை பற்றிய வினா அன்று என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டுகிறது.

இனி நூலுக்கு வருவோம். பியர் கிரில்ஸ் என்னும் ஆங்கிலேயரைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் பந்திப்பூர்க் காட்டில் நடிகர் ரஜினிகாந்துடன் அவர் நடத்திய நிகழ்ச்சி, அவ்வாண்டு மார்ச்சில் ஒளிபரப்பாகி நம் வீடுகள்தோறும் பேசப்பட்டது. அவர் 2011இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயர் ‘மட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’. சேறும் வியர்வையும் கண்ணீரும் எனப் பொருள்படும். காயத்திலிருந்து மீண்டவர் எழுதிய நூல்களுள் உலகெங்கும் மிகுதியாகப் படிக்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

நூலின் மையத்தில் உள்ள நிகழ்ச்சி இது. 1996ஆம் ஆண்டு. பிரித்தானியச் சிறப்புப் படையின் துணைப்பிரிவில் இருந்த அவ்விளைஞர் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் வான்குதிப்பில் ஈடுபடுகிறார். உயரத்தில் விரிந்த குடை கிழிந்துவிடுகிறது. குடை முழுமையாக அவரைத் தாங்கவில்லை. முற்றிலும் கைவிடவும் இல்லை. சுழன்று இறங்கியவர், முதுகில் கட்டியிருந்த குடைப்பொதியின்மேலேயே விழுகிறார். முதுகெலும்புத் தொடரில் மூன்று எலும்புகள் நொறுங்குகின்றன. நிரந்தரமாக முடங்கிப்போகும் நிலைக்கு மயிரிழை தூரத்தில் தப்புகிறார். ஹெட்லி கோர்ட் என்னுமிடத்தில் அப்போது இருந்த படைத்துறை மறுவாழ்வு நிலையத்தில் ஏறத்தாழ ஓராண்டு போவதும் வருவதுமாகக் கழிகிறது. 1998 மே மாதத்தில், தம் 23ஆம் வயதில், எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் நிற்கிறார்.

படிக்கும்போது நெஞ்சு விம்முவது இயல்பே. ஆனால் திறனாய்வாளர் நெஞ்சு விம்மிய பிறகும் பக்கங்களை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். நூற்றுக்கு மேற்பட்ட குறு அத்தியாயங்களால் ஆன இந்நூலில் இருபெரும் பகுதிகள் மிக விரிவானவை: ஒன்று சிறப்புப் படைக்கான தேர்வுப் பயிற்சி, மற்றொன்று எவரெஸ்ட் ஏற்றம். படைத்தேர்வில் அவர் முதல்முறை தோற்று மறுமுறை முயன்றவர். அந்தத் தோல்வியையும், மழையிலும் பனியிலும் முதுகுச் சுமையோடு நடந்த நடைகளையும் பொறுமையாகச் சொல்கிறார். மெதுவான கற்றலை எழுத அவருக்குத் தெரியாது என்று எவரும் கூற இயலாது. அப்படிப்பட்டவர் மறுவாழ்வு நிலையத்து மாதங்களை ஒப்புநோக்கச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார்.

ஏன் இந்த வேறுபாடு? காரணம் ஊகிக்கக்கூடியதே. படைப்பயிற்சியில் படும் துன்பம் வீரனின் துன்பம். அதனை எழுதினால் எழுதுபவர் உயர்கிறார். மறுவாழ்வு நிலையத்தில் படும் துன்பமோ நோயாளியின் துன்பம். ஒருவர் தாங்கிப் பிடிக்க எழுந்து உட்காருவது, பத்தடி நடப்பது, மறுநாள் எட்டடிதான் நடக்க முடிந்தது என அறிந்து மனம் சோர்வது, செவிலியர் ஒருவரின் நேரத்திற்காகக் காத்திருப்பது. இவற்றில் எழுதுபவர் உயர்வதில்லை. பிறரைச் சார்ந்தவராகத் தெரிகிறார். வீரக்கதையின் இலக்கணம் இச்சார்பை ஏற்பதில்லை. ஆகவே அது கத்தரிக்கப்படுகிறது. இதுவே இந்நூலின் முதற்குறை என்பது என் கருத்து. இவ்வகை நூல்கள் அனைத்தின் குறையும் இதுவே.

இக்குறை அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் ஒருமுறை வெளிப்பட்டது. தனியொருவராகக் காட்டில் பிழைப்பதாகக் காட்டப்பட்ட அந்நிகழ்ச்சியின் படப்பிடிப்பில், சில இரவுகளை அவர் விடுதியில் கழித்தார் என 2007இல் செய்தி வெளிவந்தது. சில காட்சிகள் முன்னேற்பாடு செய்யப்பட்டவை, படப்பிடிப்புக் குழுவின் உதவி உண்டு என்ற அறிவிப்பு அதன் பின்னரே நிகழ்ச்சியில் இடம்பெறலாயிற்று. குழு உடனிருந்தது குற்றம் அன்று, இருந்தே ஆகவேண்டும். ஆனால் குழு திரைக்குப் பின்னால் மறைந்திருக்க, ஒருவர் மட்டுமே திரையில் தெரியும் அமைப்பு பார்ப்பவர்க்கு ஒரு பொய்ப்பாடத்தைக் கற்பிக்கிறது. காயத்திலிருந்து மீண்ட கதைகளிலும் மருத்துவரும் இயன்முறைப் பயிற்சியாளரும் வீட்டாரும் இவ்வாறே திரைக்குப் பின்னால் போய்விடுகின்றனர்.

எனினும் நூலாசிரியருக்கு உரிய பெருமையை மறுப்பது நேர்மையாகாது. தம் விபத்தைப் பற்றி அவர் வெளிப்படையாகக் கூறிய கருத்து ஒன்று உண்டு. கிழிந்த குடையை அப்போதே கழற்றிவிட்டு மாற்றுக் குடையை விரித்திருக்க வேண்டும்; சிக்கலைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது என எண்ணியதால் அவ்வாறு செய்யவில்லை என்பதே அது. எவரெஸ்ட் பற்றிய பகுதிகள் அனைத்தையும்விட இந்த ஒப்புதல் மதிப்பு வாய்ந்தது என்பேன். விதி, துரதிர்ஷ்டம் என்னும் சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளாமல், எந்த நொடியில் எந்த முடிவு பிழையாயிற்று என்பதை அது சுட்டுகிறது. பிழை இன்னது எனத் தெரிந்தால்தான் திரும்பிச் செல்பவர் எதைத் திருத்திக்கொள்வது என்பதும் தெரியும்.

அந்த ஒப்புதலின் ஆழத்தை உணர, வான்குதிப்பின் நடைமுறையைச் சிறிது அறிதல் வேண்டும். குதிப்பவர் முதுகில் இரண்டு குடைகள் உள்ளன: முதன்மைக் குடை ஒன்று, மாற்றுக் குடை ஒன்று. வயிற்றை நோக்கித் தடையின்றி விழும் உடல் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். பயிற்சி மாணவர்க்கும் தொடக்கநிலை உரிமம் பெற்றோர்க்கும் முடிவெடுக்கும் உயரம் என 2,500 அடியை அமெரிக்க வான்குடைச் சங்கம் வகுத்துள்ளது. அவ்வுயரத்திற்குள் முதன்மைக் குடை சரியாக இயங்குகிறதா இல்லையா என்று தீர்மானித்துவிட வேண்டும். இல்லையெனில் அதைக் கழற்றிவிட்டு மாற்றுக் குடையை இழுக்க வேண்டும். முழு வேகத்தில் விழுபவர்க்கு அங்கிருந்து நிலம் ஏறத்தாழ 14 நொடித் தொலைவே. சிந்தித்து முடிவெடுக்க அந்நேரம் போதாது. ஆகவே முடிவைத் தரையிலேயே எடுத்து, கைகளுக்குப் பழக்கிவிட வேண்டும். பழக்கம் எனில் பலமுறை செய்தது என்று பொருள். பல மாதம் செய்யாமலிருந்தால் அது மங்கிவிடும்.

இதனாலேயே அச்சங்கம் இடைவெளிகளை நாள் கணக்கில் வரையறுத்துள்ளது. 30 நாள் குதிக்காத மாணவர், பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் மீண்டும் குதித்துக் காட்ட வேண்டும். முதல்நிலை உரிமம் பெற்றவர்க்கு 60 நாள், இரண்டாம் நிலையினர்க்கு 90 நாள், நூற்றுக்கணக்கில் குதித்த உயர்நிலையினர்க்கு ஆறு மாதம் என்பது எல்லை. அதைக் கடந்தவர் யாராயினும் புதுக்கத் தேவையான பயிற்சியைப் பெற்ற பின்னரே முன்போலத் தனித்துக் குதிக்கலாம். இங்கே ‘நான் யார் தெரியுமா?’ என்னும் வினாவிற்கு இடமில்லை. காயத்தின் காரணமாக ஓராண்டு ஒதுங்கியிருந்தவர் எத்தனை பதக்கம் பெற்றிருப்பினும், புதிதாகச் சேர்ந்த இளைஞரோடு ஒரே தரையில் நின்று தொடங்குகிறார்.

அவ்வாறு தொடங்குபவர் முதலில் செய்வது என்ன? விமானம் ஏறுவது அன்று. தாழ்ந்த மேடையிலிருந்து மணலிலோ மெத்தையிலோ குதித்து, விழக் கற்றுக்கொள்கிறார். இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, பாதம் தரையைத் தொட்டதும் கெண்டைக்கால், தொடை, இடுப்பின் பக்கம், முதுகின் பக்கம் என வரிசையாக உடலைச் சாய்த்து உருள்கிறார். அடி ஓரிடத்தில் மோதாமல் உடலெங்கும் பகிரப்படுகிறது. முதுகு நொறுங்கியவர்க்கும் கணுக்கால் முறிந்தவர்க்கும் இப்பாடமே முதற்பாடம். பிறகு கூரையில் தொங்கும் வார்களில் கட்டப்பட்டு, கைப்பிடிகளை இழுக்கும் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்கிறார். குடையை மடிக்கிறார், மடித்ததைப் பிரித்துக் காட்டுகிறார். காற்று மிகுந்தால் அன்று குதிப்பு இல்லை. மேகம் தாழ்ந்தால் மறுநாளும் இல்லை. காத்திருத்தலே பயிற்சியின் பெரும்பகுதியாகிவிடுகிறது.

உடலின் கதை இவ்வாறெனில் மனத்தின் கதை வேறு. எலும்பு கூடிவிட்டதை ஊடுகதிர்ப் படம் காட்டும். அச்சம் ஆறிவிட்டதா என்பதைக் காட்டும் படம் இல்லை. பியர் கிரில்ஸ் தம் நிகழ்ச்சிகளில் எத்தனையோ முறை விமானத்திலிருந்து குதித்துக் காட்டியவர். விபத்துக்குப் பின் வான்குதிப்பு தமக்கு எளிதாகவே இல்லை, அச்சம் தம்மைவிட்டு நீங்கவில்லை என்றும் நேர்காணல்களில் கூறியுள்ளார். இது அவருடைய வீரத்தைக் குறைக்கவில்லை. மாறாக, வெற்றிமேடையோடு முடியும் கதை உண்மையில் அங்கே முடிவதில்லை என்பதைக் காட்டுகிறது. அச்சம் போனபின் குதிப்பது ஒன்று; அச்சத்தோடு, ஆனால் ஒவ்வொரு வாரையும் பூட்டையும் சரிபார்த்துக் குதிப்பது மற்றொன்று. இரண்டாவதே பெரும்பாலோர்க்கு வாய்ப்பது.

திரும்புதல் என்பதற்கு ஒரே வடிவம்தான் உண்டா? இரு மனிதரின் வாழ்க்கை வேறுவகை விடை தருகிறது. முதலாமவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். 1944 செப்டம்பர் 2ஆம் நாள், 20 வயதுக் கடற்படை விமானியாக இருந்தபோது, பசிபிக் பெருங்கடலில் சிச்சிஜிமா தீவருகே அவருடைய விமானம் சுடப்பட்டது. குதிக்கும்போது தலை விமானத்தின் வாலில் மோதியது, குடையும் கிழிந்தது. உடனிருந்த இருவரும் உயிர் பிழைக்கவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பின், 1997 மார்ச்சில், 72 வயதில், அரிசோனா மாநிலத்தில் 12,500 அடி உயரத்திலிருந்து மீண்டும் குதித்தார். இடைவெளி 52 ஆண்டுக்கும் மேல்! அப்போது படைத்துறை வான்குதிப்பு வீரர்கள் அவரருகே விழுந்துகொண்டே காவல் செய்தனர். 2014இல் 90ஆம் பிறந்தநாளில் குதித்தபோது சக்கர நாற்காலியில் இருந்தவர், பயிற்சி பெற்ற ஒருவரோடு உடல் பிணைக்கப்பட்டே இறங்கினார். தாம் இளமையில் குதித்ததுபோல் குதிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. மற்றொருவரின் நெஞ்சோடு கட்டப்பட்டு இறங்குவதும் திரும்புதல்தான் என ஏற்றுக்கொண்டார்.

இரண்டாமவர் நம் நாட்டவர். 1999 கார்கில் போரில் பீரங்கிக் குண்டு வெடித்து மரணத்தின் வாயில்வரை சென்று, ஒரு காலை இழந்த மேஜர் டி. பி. சிங். செயற்கைக் காலோடு நடக்கப் பழகி, பின் ஓடப் பழகி, நெடுந்தொலைவு ஓட்டங்களில் பங்கேற்றவர். 2019 மார்ச்சில் நாசிக்கில் படைத்துறையின் பயிற்சி பெற்று, தனித்து வான்குதிப்பு நிகழ்த்தினார். இந்தியாவில் இவ்வாறு குதித்த முதல் மாற்றுத்திறனாளி என அறியப்பட்டார். காயத்திற்கும் குதிப்பிற்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள். நடை, ஓட்டம், குதிப்பு என்னும் வரிசையில் ஒரு படியும் தாண்டப்படவில்லை. அவர் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. அக்கால் இல்லாத உடலோடு புதிய இடமொன்றிற்குப் போனார். செய்தித்தாளில் இக்கதை ஒரு பத்தியில் அடங்கிவிடும். வாழ்ந்தவர்க்கோ அது இளமையின் பெரும்பகுதி.

நம் மாவட்டத்தின் பெயரை உலகறியச் செய்த இருவரையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி வலக்காலின் முழங்காலுக்குக் கீழ் நசுங்கியவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளி; 2024இல் பாரிஸில் வெண்கலம். தங்கம் வென்ற வாரத்தில் வந்த செய்திகளை மீண்டும் படித்துப் பாருங்கள். பேருந்து வருகிறது, தாய் காய்கறி விற்றது வருகிறது, பதக்கம் வருகிறது. ஐந்து வயதிற்கும் 21 வயதிற்கும் இடையே உள்ள 16 ஆண்டுகளில், வளையாத காலோடு ஒரு சிறுவன் எப்படி ஓடக் கற்றான், எந்தக் காலால் உந்தினான், குறுக்குக் கம்பியை எத்தனை முறை தட்டிவிட்டான், தாண்டியபின் எப்படி விழக் கற்றான் என்பவை பெரும்பாலும் இல்லை. தாண்டுதலைக் கற்பது விழுதலையும் கற்பதே என்பதை உயரம் தாண்டுவோர் யாவரும் அறிவர்.

சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜனின் கதையும் அத்தகையதே. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். அதே ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். 2022 ஐ.பி.எல். தொடரில் திரும்பி வந்து 18 விக்கெட் வீழ்த்தினார். ‘யார்க்கர் மன்னன் மீண்டும் வந்தார்’ என்று கொண்டாடினோம். பந்து வீசுபவர் ஓடிவந்து காலை ஊன்றும் நொடியில் உடலின் எடையைப் போலப் பன்மடங்கு அழுத்தம் அக்காலில் இறங்குகிறது. அறுவை செய்த முழங்காலை அந்த அழுத்தத்திற்கு மீண்டும் நம்பிக் கொடுக்க எத்தனை மாலைகள் வேண்டியிருந்திருக்கும்! அந்த மாலைகள் ஒளிபரப்பாவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எல்லா நாட்களையும் எழுத எந்த நூலாலும் இயலாது; சுருக்கிச் சொல்வதுதானே கதை? மேலும் படுக்கையில் கிடப்பவர்க்கு வேண்டுவது ஊக்கம். சலிப்பூட்டும் விவரங்கள் அல்ல. பியர் கிரில்ஸின் நூலைப் படித்து எழுந்து நடந்தவர்கள் இருக்கக்கூடும். அதனைக் குறை கூறுவது எதற்கு? இம்மறுப்பு நியாயமானது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

ஆனால் ஊக்கம் யாருக்கு, எந்த நாளில் தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். விபத்து நடந்த முதல் வாரத்தில் நோயாளியைச் சுற்றி உறவினர் கூட்டம் இருக்கிறது. ஆறாம் மாதத்தில், மாவுக்கட்டுப் பிரித்து நெடுநாளாகியும் கால் மடங்க மறுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவரருகே யாரும் இல்லை. அந்தக் காலையைப் பற்றி எந்த நூலும் ஒரு சொல் சொல்லவில்லையென்றால் அவர் என்ன எண்ணுவார்? ‘மற்றவர்கள் சபதம் எடுத்தார்கள், எழுந்தார்கள். நானும் சபதம் எடுத்தேன், எழவில்லை. ஆகவே குறை என் மனவுறுதியில்தான்’ என்றே எண்ணுவார். ஊக்கமூட்ட எழுதப்பட்ட கதை, ஊக்கம் மிகத் தேவைப்படும் நாளில் அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. மெதுவாக நகர்ந்த நாட்களையும் உண்மையாகச் சொல்லும் நூலே அவருக்குத் துணையாகும். ‘இப்படித்தான் இருக்கும், எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்னும் ஒரு வரி, நூறு எவரெஸ்ட்டுகளைவிட அவருக்கு அண்மையானது.

இதில் நம் சமவெளிக்கே உரிய மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. வானிலிருந்து குதிப்போர் நம்மிடையே மிகச் சிலர். ஆனால் காயமுற்றுத் திரும்புவோர் ஏராளம். நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளின் லாரி ஓட்டுநர்களும் கிளீனர்களும், திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போர்வெல் வண்டியோடு செல்லும் தொழிலாளர்களும், கல்குவாரிகளிலும் கட்டிட வேலையிலும் உழைப்போரும் விழுகிறார்கள், முறிகிறார்கள், திரும்புகிறார்கள். வான்குதிப்பாளர்க்கு ‘இன்று காற்று மிகுதி, குதிக்க வேண்டாம்’ என்று சொல்லப் பயிற்றுநர் உண்டு. உரிமப் புத்தகத்தில் நாட்கணக்கு உண்டு. விபத்தில் சிக்கிய ஓட்டுநர் மீண்டும் ஸ்டியரிங்கைத் தொடுமுன், ‘இரவுப் பயணம் இப்போது வேண்டாம், முதலில் பகலில், குறுந்தொலைவில், துணையோடு ஓட்டு’ என்று சொல்ல யார் உளர்? வட்டியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவரை விரட்டுகின்றன. ‘ஒரே மாதத்தில் வண்டி எடுத்துவிட்டான், சிங்கம்!’ என்று நாம் புகழும்போது, அப்புகழ்ச்சியும் விரட்டுகின்றவற்றுள் ஒன்றாகிவிடுகிறது.

விளையாட்டின் விதிகளை உழைப்பின் உலகத்திற்கு அப்படியே கொண்டுவர இயலாது என்பது உண்மையே. ஆனால் அவ்விதிகளுக்குப் பின்னுள்ள அறிவைக் கொண்டுவரலாம். திரும்புபவர் எவ்வளவு திறமையுடையவராயினும் சிறிது காலம் தொடக்கநிலையினரே; அவ்வாறு இருப்பது இழிவு அன்று; அக்காலத்தில் அவர் அருகே ஒருவர் இருத்தல் வேண்டும்; ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இந்நான்கையும் ஒரு குடும்பமும் ஒரு முதலாளியும் ஒரு பங்குச் சமூகமும் மனம் வைத்தால் காப்பாற்ற முடியும்.

திரும்பாதவரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். வீரக்கதைகளில் அவருக்கு இடமே இல்லை. காயத்திற்குப் பின் தம் உடலை அறிந்து, குதிப்பதை விட்டுவிட்டு, தரையில் நின்று புதியவர்களின் குடைகளைச் சரிபார்ப்பவராக ஆனவர் தோற்றவரா? ஓட்டுநர் வேலையை விட்டு ஊரில் சிறு கடை வைத்தவர் கோழையா? மேலே செல்லும் ஒவ்வொருவரும் தரையில் நிற்கும் இத்தகையவரின் கண்களையும் கைகளையும் நம்பியே செல்கின்றனர். கிழிந்த குடையைக் கழற்றிவிடத் தெரிவதும் வான்குதிப்பாளரின் திறமைகளுள் ஒன்று என்பதை மேலே கண்டோம். பிடித்துக்கொண்டே இருந்ததால் முதுகு நொறுங்கிய ஒருவர்தாம் அதனை நமக்குச் சொன்னார்.

ஆகவே இந்நூலைப் பற்றிய என் முடிவு இது. ‘மட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ விறுவிறுப்பான நூல். இளைஞர் கையில் கொடுக்கத் தகாதது அன்று. ஆனால் தனியே கொடுக்கத் தக்கதும் அன்று. கொடுக்கும்போது, விபத்தைப் பற்றிய அவருடைய ஒப்புதலை இருமுறை படிக்கச் சொல்லுங்கள். சிகரத்தைப் பற்றிய பகுதிக்கு வரும்போது, இடையில் விடுபட்ட ஓராண்டு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தலைப்பில் சேறும் வியர்வையும் கண்ணீரும் உள்ளன. அந்தக் கண்ணீரின் பெரும்பகுதி எங்கே சிந்தப்பட்டதோ அந்த இடம் நூலில் மிகச் சுருங்கிக் கிடக்கிறது.

இனி இத்தகைய கதை ஒன்று செய்தித்தாளிலோ திரையிலோ மேடைப்பேச்சிலோ வரும்போது, வாசகர்கள் மூன்று வினாக்களை எழுப்பலாம். இவர் எத்தனை நாள் ஒதுங்கியிருந்தார்? அந்நாட்களில் இவரைத் தாங்கிப் பிடித்தவர் யார்? எந்தப் பிழையை இவர் திருத்திக்கொண்டார்? மூன்றிற்கும் விடை இருந்தால் அக்கதையை நம்பிப் பிறர்க்கும் சொல்லலாம். விடை இல்லையேல், பாராட்டைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுமில்லை.

நம் தெருவில், நம் உறவில், காலில் கட்டோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் யாரேனும் ஒருவர் இன்றும் இருப்பார். ‘எப்போது வேலைக்குத் திரும்புகிறாய்?’ என்பதே அவரைப் பார்க்கச் செல்பவர் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு மாறாக, ‘இன்று எவ்வளவு தூரம் நடந்தாய்?’ என்று கேட்டு, அவர் சொல்லும் விடையைப் பொறுமையோடு கேட்டிருப்போமாக.